தாமதமாக வந்தவன்

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. 12 வயதுக்குட்பட்டோர் வட்டாரக் காற்பந்துப் போட்டிக்கு நான் தேர்ந்தெடுத்த 18 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. 19ஆவதாக ஒரு பெயரை எழுதிக் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். கோடு நேராக இருக்கிறது. தயங்கிப் போட்டது போலத் தெரியவில்லை.

கிள்ளான் பக்கம் ஒரு தாமானில் நான்கு ஆண்டுகள் பையன்களுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்தேன். சம்பளமெல்லாம் கிடையாது. வேலை முடிந்து வந்து, காரின் பின்பக்கம் கிடக்கும் பந்துகளையும் கூம்புகளையும் திடலில் இறக்கினால் பயிற்சி ஆரம்பம். மாலை 5.30 மணி. அதில் நான் கண்டிப்பானவன். மூன்று முறை தாமதமாக வந்தால் அணியில் இடமில்லை. “ஒழுங்குதான்டா முதல் திறமை” என்று பையன்களிடம் அடிக்கடி சொல்வேன். அந்த வாக்கியம் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

கோடு விழுந்த பையன் தினமும் 5.50க்கு வருவான். ஓடித்தான் வருவான். திடலோரத்தில் குந்தி பூட் கயிறு கட்டும்போது தோள் இரண்டும் ஏறி இறங்கும். வயதுக்குச் சின்ன உருவம். பந்து காலில் இருந்தால் அழகாக நகர்வான், யாராவது தோளால் இடித்தால் விழுந்துவிடுவான். “ஏன்டா லேட்டு?” என்று கேட்டால் “சாரி சார்” என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பட்டியலை வாசித்த அன்று தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் “சரி சார்” என்றான். பிறகு வழக்கம்போல் கூம்புகளைப் பொறுக்கி என் காரில் கொண்டுவந்து வைத்தான். மறுவாரத்திலிருந்து வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாசார் மாலாமில் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு பேசினார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை பஸ் அவரைத் தாமான் முனையில் இறக்கிவிடும்போது மணி 5.40 ஆகிவிடும். அதுவரை நான்கு வயதுத் தங்கச்சியைப் பையன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா படியேறி வந்ததும் இவன் படியிறங்கி ஓடுவான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன்.

“நானும் அதத்தான் சொன்னேன் சார். சொன்னா சாக்கு சொல்றேன்னு சார் நெனைப்பாரு, வேணாம்மான்னுட்டான்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. காய்கறிப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மகன் எவ்வளவு ரோஷக்காரன் என்று பெருமையாகத்தான் சொன்னார். அவன் தாமதத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு தொழிற்சாலை பஸ்ஸின் நேரம். நான் அதற்கு ஒழுங்கின்மை என்று பெயர் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

*

நம் சாப்பாட்டுக் கடைகளில் காற்பந்துப் பேச்சு எழுந்தால் அது எப்படியும் ஆறுமுகத்திடம் போய் நிற்கும். ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் காவலர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோ போகவே இல்லை. 1988இல், 35 வயதில், ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் மேசையில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார், “அப்புறம் ஏன் இன்னொரு ஆறுமுகம் வரல?” பதிலையும் அவரே சொல்லிவிடுவார். “இப்ப உள்ள பசங்களுக்கு சொகுசு ஜாஸ்தி. அப்பெல்லாம் கஷ்டம் இருந்துச்சு, அதனால வெறி இருந்துச்சு.”

கஷ்டம் ஆட்டக்காரனை உருவாக்கும் என்ற இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. பிரேசிலின் தெருக்களைச் சொல்வார்கள், வெறுங்காலைச் சொல்வார்கள். அதில் ஒரு பாதி உண்மை. மறுபாதியை எனக்குக் காட்டியது தோட்டத்தில் வளர்ந்த என் அப்பாவின் பேச்சு.

அவருடைய தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. பால் வெட்டி, சேகரித்து, எடைபோட்டுக் கொடுத்துவிட்டால் பிற்பகலில் வேலை முடிந்துவிடும். ஐந்து மணிக்குத் திடலில் அப்பாக்களும் சித்தப்பாக்களும் மாமாக்களும் இருப்பார்கள். எட்டு வயதுப் பையன் இருபது வயது அண்ணன்களின் கால்களுக்கு நடுவில் பந்தைத் தேடிக் கற்றுக்கொண்டான். யாரும் அவனிடம் கட்டணம் கேட்கவில்லை, பிறந்த தேதி கேட்கவில்லை. லயத்து வாசலிலிருந்து திடலுக்கு நடந்தே போகலாம். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லோரி கிடைக்கும். அந்த வாழ்க்கையை நான் சொர்க்கமாக்கவில்லை. கூலி குறைவு, சாதி இருந்தது, கள்ளும் சம்சுவும் இருந்தன. ஆனால் அங்கே ஒரு பையன் ஆட்டக்காரனாவதற்கு வேண்டியவற்றில் சில கேட்காமலே கிடைத்தன. இடம், நேரம், பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள், கீழே விழுந்தால் தூக்கிவிட ஆள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நம் மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். கஷ்டம் லோரியில் கூடவே ஏறி வந்தது. திடல் வரவில்லை. வேலை தொழிற்சாலை ஷிப்ட்டுக்கு மாறியது. ஐந்து மணிக்குச் சும்மா இருக்கும் சித்தப்பா என்று ஒருவர் இல்லாமல் போனார். ஆக, சாப்பாட்டுக் கடைப் பெரியவருக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்: கஷ்டம் குறையவில்லைண்ணே, கஷ்டத்தோடு சேர்ந்து இருந்த மற்றவைதான் காணாமல் போய்விட்டன.

*

இதற்கு மேல் இன்னும் பல சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும்.

பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாவட்டப் போட்டிகளுக்கு ஒரு சிறுவன் பெரும்பாலும் தன் பள்ளி அணி வழியாகத்தான் போகிறான். 150 மாணவர்களுக்குக் குறைவான தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டில் ஏராளம். மொத்தமே 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரே வயதுப் பிரிவில் 11 பையன்களை எங்கே தேடுவது? அங்கே பிறவி மேதையே ஒருவன் இருந்தாலும் அவனுக்குப் பந்து கடத்த இன்னும் 10 பேர் வேண்டும். தனியார் அகாடமிக்குப் போகலாமே என்றால், மாதக் கட்டணம் வேண்டும், பூட் வேண்டும், வார இறுதிப் போட்டிக்குக் கார் வேண்டும், அந்தக் காரை ஓட்டச் சனிக்கிழமை வேலையில்லாத ஒருவரும் வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் கடன் வாங்க முடியாது.

பிறந்த மாதமும் ஒரு சல்லடை. இதை முதலில் கேட்டபோது எனக்கு ஜாதகப் பேச்சு மாதிரி இருந்தது. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அங்கே அளவுக்கு மீறி நிறைந்திருப்பதைக் கண்டார்கள். காரணம் எளிமையானது. வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் 11 மாத வித்தியாசம் என்பது உயரம், எடை, பலம் எல்லாமே. பெரியவன் ‘திறமைசாலி’யாகத் தெரிகிறான். அவனைத் தேர்ந்தெடுக்கிறோம். நல்ல பயிற்சி அவனுக்குக் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். “பார்த்தியா, அப்பவே சொன்னேன்ல” என்று நம் கண்ணை நாமே மெச்சிக்கொள்கிறோம். கணிப்பு பலித்ததற்குக் காரணம் கணிப்பே என்பது நமக்கு உறைப்பதில்லை.

காற்பந்திலும் இதே கதைதான். பெல்ஜியத்தில் 1997இல் வயதுப் பிரிவின் தொடக்கத்தை ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளிலேயே ‘திறமைசாலிகள்’ அதிகம் பிறக்கும் மாதங்களும் கூடவே இடம் மாறின. குழந்தைகள் மாறிவிடவில்லை, நாட்காட்டியில் ஒரு கோடு மட்டும் நகர்ந்தது. பாசார் மாலாமிலிருந்து வீட்டுக்குப் போனதும் என் பழைய தாளில் உள்ளவர்களின் பிறந்த தேதிகளைத் தேடிப் பார்த்தேன். ஆண்டின் முதல் நான்கு மாதக்காரர்கள் கண்ணில் உறுத்தும் அளவுக்கு இருந்தார்கள். கோடு விழுந்தவன் அக்டோபர்.

மொக்தார் டஹாரி பிறந்தது நவம்பரில். இந்த நாடு கண்ட தாக்குதல் ஆட்டக்காரர்களில் முதல் பெயராக இன்றும் சொல்லப்படுபவர். பஹாங்கின் கம்பாங்கில் பதின்ம வயதுப் பையன்கள் தங்கிப் பயிலும் தேசிய அகாடமி இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஓர் ஆள் விதிவிலக்காக இருப்பது எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இப்போதெல்லாம் 12 வயதுப் பையன்கள் தேர்வுக்கு வரிசையில் நிற்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த நவம்பர் ஞாபகம் வருகிறது.

உடம்புகூட உடம்பு மட்டுமே இல்லை. ரொசாரியோவில் வளராமல் நின்ற சிறுவன் மெஸ்ஸிக்கு ஹார்மோன் ஊசி தேவைப்பட்டது. அப்பாவின் வேலையிடத்து மருத்துவக் காப்புறுதி சில காலம் செலவைத் தாங்கியது. அது நின்றபோது குடும்பம் தவித்தது. பிறகு பார்சிலோனா செலவை ஏற்க முன்வந்தது, 13 வயதில் அவன் கடல் தாண்டினான். உலகமே இறைவன் கொடுத்த கால் என்று கும்பிடும் அந்தக் காலுக்குப் பின்னால் ஓர் இன்சூரன்ஸ் பத்திரமும் இருந்தது.

*

இதுவரை சொன்னதைக் கேட்டவர்கள் எனக்குத் தரும் ஆறுதல் ஒன்று உண்டு. “நீங்க கேட்காம விட்டதுதான் தப்பு. கேட்டிருந்தா சேர்த்திருப்பீங்க.” நான் கேட்கவில்லை என்பது உண்மை, அதற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் கேட்டிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்குமா?

கேட்டிருந்தால் அவனைச் சேர்த்திருப்பேன். அப்போது 18ஆவது பெயர் மேல் கோடு விழுந்திருக்கும். அந்தப் 18ஆவது பையனையும் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அவன் அப்பா தினமும் 5.20க்கு மோட்டாரில் கொண்டுவந்து இறக்குவார். மழையில் மற்றவர்கள் கூரைக்கு ஓடினாலும் அவன் நின்று பந்து தட்டுவான். அவனிடம் ஏமாற்று எதுவும் இல்லை. ஓர் அப்பாவும் ஒரு மோட்டாரும் இருந்தது அவன் குற்றமா? “உனக்கு வசதி இருக்கு, நீ வெளியே நில்லு” என்று அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதி பற்றிய நூலில் ஒரு கடுமையான நிலைக்குப் போகிறார். பிறவித் திறன் யாரும் சம்பாதித்ததில்லை. எந்த வீட்டில் பிறக்கிறோம் என்பதும் அப்படியே. அதற்கும் மேலே போய், முயற்சி செய்யும் குணம்கூடக் குடும்பச் சூழலால் பாதிக்கப்படுவது என்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்து ராபர்ட் நோசிக் ஒரு கூடைப்பந்து வீரரை வைத்தே அவருக்கு மறுப்பு எழுதினார். வில்ட் சேம்பர்லினின் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரம் ஆயிரம் பேர் விரும்பி ஆளுக்கு 25 காசு போட்டால், அந்தப் பணம் அவருக்குச் சேருவதில் என்ன அநியாயம்? மழையில் நின்ற 18ஆவது பையனை நினைத்தால் நோசிக் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. 5.40 பஸ்ஸை நினைத்தால் ரால்ஸ் சொல்வது. நோசிக்கின் உதாரணம் வீரர் அரங்குக்குள் வந்த பிறகு தொடங்குகிறது. என் தாளின் கதை வாசலில் நடக்கிறது.

நம் மரபுக்கும் இந்த இழுபறி தெரியும். திருக்குறளில் ஊழுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. நம் பள்ளி மேடைகளில் இரண்டாவதுதான் ஒலிக்கும். பரிசளிப்பு விழாக்களில் முயற்சி, முயற்சி, முயற்சி. நானும் பேசியிருக்கிறேன். முயற்சியைப் போற்றுவதில் தப்பில்லை. ஆனால் அதை எங்கே நின்று அளக்கிறோம்? என் கடிகாரம் திடலின் வெள்ளைக் கோட்டுக்குள் மட்டும் ஓடியது. படியிறங்கித் திடல்வரை ஓடி வந்தானே, அது முயற்சி இல்லையா? பள்ளி முடிந்து 5.40 வரை ஒரு நான்கு வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டி, விளையாட்டுக் காட்டி உட்கார்ந்திருந்தானே, அது ஒழுங்கு இல்லையா? அணியிலேயே அதிக ஒழுங்குள்ளவனைத்தான் ஒழுங்கில்லை என்று வெளியே அனுப்பியிருக்கிறேன். அவன் காட்டிய ஒழுங்கு நான் அளக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தங்கச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். நான் நடத்தியது பையன்கள் அணி. தாமதமாக வரும் வாய்ப்புகூட அவளுக்கு இல்லை.

ஏகலைவன் கதையில் நாம் எல்லாரும் கட்டைவிரலுக்காகக் கொதிக்கிறோம். எனக்கு இப்போது அதற்கு முந்திய காட்சிதான் உறுத்துகிறது. துரோணர் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். விரலைக் கேட்டது ஊரறிந்த கொடுமை. திருப்பி அனுப்பியது வெறும் நிர்வாகம், அதற்கு ரத்தம் வரவில்லை. ஏகலைவன் திரும்பிப் போய்த் தானே கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு காடு இருந்தது, நேரம் இருந்தது. அவன் வேடர் தலைவனின் மகன். அவனும் மாலைவரை தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் நமக்கு அந்தக் கதையே கிடைத்திருக்காது. நான் போட்டது துரோணரின் முதல் காட்சிக் கோடு.

*

இந்த இடத்தில் வழக்கமாக ஜேமி வார்டி வருவார். சின்ன உருவம் என்று 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் விட்டுவிட்ட பையன். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கீழ்நிலை அணிகளில் ஆடி, 2016இல் லெஸ்டர் சிட்டியோடு இங்கிலாந்தின் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியவர். “பாத்தியா, உண்மையான திறமை எப்படியும் மேல வந்துடும்.” அப்படியா? வந்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி எண்ணினால் எல்லாரும் வந்ததாகத்தான் கணக்கு வரும். வராதவர்களுக்குப் படம் எடுப்பதில்லை. வார்டியின் கதை அவருக்குப் பெருமை. விட்டுவிட்டவர்களுக்கு அதை மன்னிப்புக் கடிதமாகப் பயன்படுத்துவது நேர்மை இல்லை.

சரி, பட்டியல் போடாமல் இருக்க முடியுமா? முடியாது. 11 பேர்தான் ஆட முடியும். நியாயமான பட்டியல் எது என்று இவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பட்டியல் போடுபவன் செய்யக்கூடாத இரண்டு விஷயங்கள் விளங்கின.

ஒன்று, பொய் சொல்லக்கூடாது. “உனக்குத் திறமை இல்லை” என்பது 12 வயதில் யாருக்கும் தெரியாத ஒரு செய்தி. “இந்தப் போட்டிக்கு என்னிடம் 18 இடம்தான் இருக்கு, இந்த முறை உனக்கு இல்லை” என்பது உண்மை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். முதல் வாக்கியத்தைக் கேட்ட பையன் அதை நாற்பது வயதுவரை தன்னோடு வைத்துக்கொள்வான். நான் வாயால் சொல்லவில்லை என்றாலும் “ஒழுங்குதான் முதல் திறமை” என்று ஆண்டு முழுக்கச் சொல்லிவிட்டுக் கோடு போட்டபோது அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு, கதவைச் சீக்கிரம் சாத்தக்கூடாது. பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து அகாடமிகளில் சில போட்டிகளுக்கு வயதைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பிரித்து ஆடவிட்டார்கள். அவற்றுக்குப் பணம் வேண்டும், நிபுணர் வேண்டும். தாமான் திடலில் நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாதவனும் அடுத்த வாரம் வந்து ஆட ஒரு காரணத்தை விட்டுவைப்பது. என்னிடம் 18 பேருக்குப் பயிற்சி இருந்தது. 19ஆமவனுக்கு ஒன்றுமே இல்லை. அவன் ரோஷத்தால் வராமல் போனான் என்று நினைத்திருந்தேன். வருவதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அம்மாவைச் சந்தித்த மறுவாரம் பயிற்சியை 6 மணிக்கு மாற்றினேன். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. இருட்ட ஏழே கால் ஆகும். ஆனால் 7 மணிக்கு டியூஷன் இருந்த இரண்டு பையன்கள் பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று. ஒருவன் கொஞ்ச நாளில் நின்றே போனான். எல்லாருக்கும் பொதுவான நேரம் என்று ஒன்று கிடையாது என்று அப்போதுதான் புரிந்தது. எந்த மணியை வைத்தாலும் யாரோ ஒருவனின் வீட்டு நிலவரத்துக்குச் சாதகமாகத்தான் வைக்கிறோம். 5.30 என்பது இயற்கை விதி இல்லை. எனக்கு வேலை முடியும் நேரம் அது.

அந்தப் பையனுக்கு இப்போது 17 வயது. தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு ஃபுட்சல் ஆடுகிறான் என்று கேள்வி. அவன் பெரிய ஆட்டக்காரனாகியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆகாமலும் போயிருக்கலாம், பெரும்பாலோர் ஆவதில்லை. எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. தெரிந்தவன்போல அவ்வளவு நேராக ஒரு கோடு போட்டேன். அந்தத் தாளை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.